ஊசிக்கு முந்தைய கேள்வி

தைராய்டு சுரப்பியில் கட்டி இருப்பது ஒருவருக்குத் தெரியவரும் வழி கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. முன்பெல்லாம் கழுத்தின் முன்புறம் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கி, அக்கம்பக்கத்தார் கேட்கத் தொடங்கிய பிறகே மருத்துவரைத் தேடிப் போனார்கள். இப்போதோ தலைசுற்றலுக்காகக் கழுத்து இரத்தக் குழாய்களில் செய்யப்படும் டாப்ளர் ஸ்கேனிலும், கழுத்து எலும்புத் தேய்மானத்துக்காக எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்திலும், சலுகை விலையில் விற்கப்படும் முழு உடல் பரிசோதனையிலும் அது தேடாமலே அகப்படுகிறது. காவிரியின் வடகரையில் குளித்தலைக்கு எதிரே இருக்கும் முசிறியில் வாழ்பவர், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிக்கு வந்து, தில்லைநகரின் குறுக்குத் தெரு ஒன்றில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும்போது, அறிக்கையின் கடைசி வரியில் ‘எஃப்.என்.ஏ.சி. செய்து பார்க்கவும்’ என்று ஆங்கிலத்தில் இருப்பதைக் கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டால், வீடு போய்ச் சேரும்போது அவர் மனத்தளவில் புற்றுநோயாளியாகவே ஆகியிருப்பார். ஊசி வலிக்குமா, முடிவு எப்போது வரும், அது என்ன சொல்லும் என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னதாக, அந்தக் கட்டிக்கு எஃப்.என்.ஏ.சி. என்ற ஊசிப் பரிசோதனை தேவைதானா என்ற கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை என்பதே இங்கே சொல்ல வந்த செய்தி.

தைராய்டு என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் இரு பக்கமும் இரண்டு மடல்களாக ஒட்டியிருக்கும் சுரப்பி. எச்சில் விழுங்கும்போது குரல்வளையோடு சேர்ந்து அதுவும் மேலேறி இறங்கும் என்பதால், விழுங்கும்போது அசையும் முன்கழுத்துக் கட்டி பெரும்பாலும் தைராய்டைச் சேர்ந்தது என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். நோயாளியின் கையில் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்லிக் கழுத்தை உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான். ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று நம் ஊர்களில் பேச்சுவழக்கில் சொல்லப்படுவது சுரப்பு குறைந்து மாத்திரை சாப்பிடும் நிலையை. கட்டி வேறு விஷயம். சுரப்பு முற்றிலும் சரியாக இருக்கும்போதும் கட்டி வரலாம், பத்தாண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவருக்குக் கட்டியே இல்லாமலும் இருக்கலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்ததை வைத்துக் கட்டியைத் தள்ளிவிடுவதும், அதே கட்டிக்காக ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையின் அளவைத் தாமாகவே கூட்டிக்கொள்வதும் ஒரேபோன்ற குழப்பத்தின் இரு முனைகளாகும். ஆயினும் கட்டி கண்டவுடன் முதலில் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனை டி.எஸ்.எச். தான், மூளையடிச் சுரப்பி தைராய்டை இயக்க அனுப்பும் இந்த ஊக்குநீர் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால், கட்டியே மிகையாகச் சுரந்துகொண்டிருக்கக்கூடும், அப்படிச் சுரக்கும் கட்டி புற்றாக இருப்பது மிக அரிது, ஆகவே ஊசிக்குப் பதிலாக ஐசோடோப்பு ஸ்கேன் எடுத்து அதை உறுதி செய்துகொள்வதே முறை.

கட்டிகள் எவ்வளவு பரவலானவை என்பது தெரிந்தால் அச்சத்தின் பாதி குறையும். விரலால் தொட்டு உணரத்தக்க கட்டிகள் வயதுவந்தோரில் நூற்றுக்கு 4 முதல் 7 பேருக்கு உண்டு. அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துத் தேடினாலோ, தேடப்படுபவரின் வயதையும் கருவியின் திறனையும் பொறுத்து, ஐந்தில் ஒருவர் தொடங்கி மூன்றில் இருவர் வரை ஏதேனும் ஒரு கட்டி அகப்படுகிறது. பெண்களுக்கு இது மிகுதி, வயது ஏற ஏற இன்னும் மிகுதி. அதாவது முசிறிப் பேருந்தில் அமர்ந்திருக்கும் ஐம்பது வயதுப் பெண்கள் அனைவரையும் இறக்கி ஸ்கேன் எடுத்தால், அவர்களில் பலர் இதே ஆங்கில வரியோடுதான் வீட்டுக்குப் போவார்கள். கண்டறியப்படும் கட்டிகளில் புற்றாக இருப்பவை, எந்த மருத்துவமனையில் எத்தகைய நோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து, நூற்றுக்கு 5 முதல் 15 வரை. இதற்கும் மேலே ஒரு செய்தி இருக்கிறது. 1985-இல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை மெல்லிய சீவல்களாக அரிந்து ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் பாப்பிலரி வகையைச் சேர்ந்த நுண்ணிய புற்று இருந்தது. அது இருப்பதே தெரியாமல் அவர்கள் வாழ்ந்து முடித்திருந்தார்கள். புற்று என்ற ஒரே பெயரின் கீழ், சில மாதங்களில் உயிரைக் குடிப்பதும், எண்பது ஆண்டு கூடவே இருந்து எதுவும் செய்யாததும் அடங்கும் என்பதற்குத் தைராய்டைவிடத் தெளிவான சான்று வேறு உறுப்பில் கிடைப்பது கடினம்.

இந்த உண்மையைப் பொருட்படுத்தாமல் தேடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா உலகுக்குக் காட்டியது. அங்கே 1999-இல் அரசு தொடங்கிய புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தில் தைராய்டு இடம்பெறவில்லை. ஆனால் மற்ற பரிசோதனைகளுக்கு வருவோரிடம், சிறு கட்டணம் செலுத்தினால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்லத் தொடங்கின. 1993-ஆம் ஆண்டோடு ஒப்பிட 2011-இல் தைராய்டு புற்று கண்டறியப்படும் விகிதம் 15 மடங்காகி, அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கு மேற்பட்டோர் புற்றுநோயாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். தைராய்டு புற்றால் இறப்போர் விகிதம் மட்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உண்மையான கொள்ளைநோய் என்றால் இறப்பு கூடியிருக்க வேண்டும், தேடல் உயிர்காத்தது என்றால் குறைந்திருக்க வேண்டும்; இரண்டும் நிகழாதபோது, தேவையற்ற கண்டுபிடிப்பு என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. அதற்கான விலையோ உண்மையானது: அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்தன, 2 பேருக்குக் குரல்நாண் முடங்கியது. 2014-இல் கொரிய மருத்துவர்கள் சிலரே இதை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசிய பிறகு, ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

கொரியா தொலைவு என்று தோன்றினால் கேரளம் அருகில்தான் இருக்கிறது. இந்தியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் தைராய்டு புற்று மிகுந்து காணப்படும் இடங்களுள் திருவனந்தபுரம் முன்னணியில் நிற்கிறது. 2005-க்கும் 2014-க்கும் இடையே அங்கே பெண்களிடம் அது ஏறத்தாழ இரு மடங்கானதை ஆராய்ந்தவர்கள், இதுவும் மிகைக் கண்டறிதலாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கேரளக் கடற்கரை மணலின் இயற்கைக் கதிரியக்கத்தின் மீது பழி போடுவது பேச்சுக்கு எளிது. ஆனால் அந்த மணல் மிகுந்த கருநாகப்பள்ளிப் பகுதியில் நெடுங்காலம் நடந்த ஆய்வு, கதிரியக்கத்தின் அளவோடு புற்றுநோய் கூடுவதாகக் காணவில்லை. மருத்துவ வசதியும் கல்வியும் மிகுந்த மாநிலத்தில் ஸ்கேன் கருவிகளும் மிகுதி. கருவி மிகுந்தால் கட்டியும் மிகும். தமிழகத்தின் சிறுநகரங்கள் இப்போது அந்தப் பாதையில்தான் நடந்துகொண்டிருக்கின்றன.

பழி போடப்படும் இன்னொன்று உப்பு. அயோடின் கலந்த உப்புதான் தைராய்டு நோய்களைக் கொண்டுவந்தது என்று கைப்பேசிச் செய்திகள் சுற்றுகின்றன. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் வி. இராமலிங்கசுவாமி தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்த பகுதிகளில் முன்கழுத்துக் கழலை கணிசமாகக் குறைந்ததை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் அதன் அடிப்படையிலேயே பிறந்தது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் மக்களிடையே, இரத்தக் குழாய் வழியே பரவும் இயல்புடைய ஃபாலிக்குலர் வகைப் புற்றின் பங்கு குறைந்து, சாதுவான பாப்பிலரி வகையின் பங்கு கூடுகிறது என்பதும் பல நாடுகளில் காணப்பட்டதே. தூத்துக்குடியில் உப்பளங்களைக் கொண்ட தமிழ்நாடு, 2018-19-இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் 61.9 விழுக்காட்டோடு நாட்டின் கடைசி வரிசையில் நின்றது என்பதை, உப்பைக் குறை சொல்பவர்கள் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

எந்தக் கட்டிக்கு ஊசி தேவை என்பதை மருத்துவரின் மனநிலையோ நோயாளியின் பதற்றமோ முடிவு செய்வதில்லை. அதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. அமெரிக்கக் கதிரியல் மருத்துவர்களின் அமைப்பு 2017-இல் வெளியிட்ட, இந்திய ஸ்கேன் அறிக்கைகளிலும் இன்று பரவலாக இடம்பெறும் ‘டைராட்ஸ்’ என்ற மதிப்பெண் முறை அவற்றுள் ஒன்று. கட்டி நீர் நிறைந்ததா திடமானதா, சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருமையாகத் தெரிகிறதா, குறுக்குவெட்டில் அகலத்தைவிட உயரம் மிகுந்து நிற்கிறதா, விளிம்பு ஒழுங்காக இருக்கிறதா அல்லது கிளைவிட்டுப் பரவுகிறதா, உள்ளே மணல் தூவினாற்போன்ற நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்ற ஐந்து கூறுகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டி, 1 முதல் 5 வரையிலான படிகளில் ஒன்றில் கட்டியை வைக்கிறார்கள். முதல் இரண்டு படிகளில் உள்ளவற்றுக்கு ஊசியே தேவையில்லை. மூன்றாம் படியில் கட்டி 2.5 சென்டிமீட்டரை எட்டினாலும், நான்காம் படியில் 1.5 சென்டிமீட்டரை எட்டினாலும், மிகுந்த ஐயத்துக்குரிய ஐந்தாம் படியில் 1 சென்டிமீட்டரை எட்டினாலும்தான் ஊசி. முழுக்க நீர் நிறைந்த கட்டியும், கடற்பஞ்சைப் போல நுண்ணிய துளைகள் நிரம்பிய கட்டியும் எவ்வளவு பெரிதாயினும் புற்றாக இருப்பது மிக அரிது. ஆகவே 6 மில்லிமீட்டர், மூன்றாம் படி என்று எழுதப்பட்ட அறிக்கையோடு கண்கலங்கி நிற்கும் ஒருவருக்கு, ஊசிக்குத் தேதி குறிப்பதைவிட, ‘டைராட்ஸ் எத்தனை, அளவு எத்தனை’ என்று அந்த அறிக்கையை உடனிருந்து படித்துக் காட்டுவதே சரியான சிகிச்சை. அந்தப் படி எண் அறிக்கையில் இல்லை என்றால், அதை எழுதித் தரும்படி ஸ்கேன் மையத்தைக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய அறிக்கை அது.

விதியைத் தாண்டி அக்கறை கொள்ள வேண்டிய சூழல்களும் உண்டு, அவற்றை ஒளித்துவிட்டு ஆறுதல் மட்டும் சொல்வது நேர்மையாகாது. சில வாரங்களில் கண்முன்னே பெரிதாகும் கட்டி, காரணமின்றி வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் கரகரப்பு, கல்லைப் போல் இறுகி அசையாத கட்டி, கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டியது போன்ற வீக்கம், சிறுவயதில் கழுத்துக்கோ தலைக்கோ கதிரியக்கச் சிகிச்சை பெற்ற வரலாறு, குடும்பத்தில் வேறொருவருக்குத் தைராய்டு புற்று இருந்தது என்ற செய்தி, இவற்றில் எது இருந்தாலும் மதிப்பெண்ணைப் பார்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தைகளிடம் தோன்றும் கட்டிக்கும் பெரியவர்களுக்கான கணக்கு பொருந்தாது. மெடுல்லரி என்ற வகை மரபணு வழியே பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லக்கூடியது என்பதால், ‘பெரியப்பாவுக்கும் இதே இடத்தில் ஆபரேஷன் பண்ணாங்க’ என்ற ஒரு வாக்கியம் மருத்துவருக்கு நூறு ஸ்கேன்களைவிடப் பயன்படும்.

ஊசி தேவை என்று முடிவானபின், அது என்ன என்பதை அறிந்துகொள்வது நல்லது. மெல்லூசி உறிஞ்சல் என்று சொல்லத்தக்க எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையில் சதைத்துண்டு எதுவும் வெட்டப்படுவதில்லை. கட்டியிலிருந்து உயிரணுக்கள் மட்டும் உறிஞ்சி எடுக்கப்படுகின்றன. 1930-இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் மார்ட்டின், எல்லிஸ் என்ற இருவர் தடித்த ஊசியால் இவ்வாறு செய்து காட்டியதை எழுதினார்கள். பின்னர் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள்தான் மெல்லிய ஊசிக்கு மாறி, 1950-களிலும் 60-களிலும் இம்முறையை நம்பத்தக்க ஒன்றாக வளர்த்தார்கள். ஊசிகளின் பருமனைக் குறிக்கும் எண் கூடக் கூட ஊசி மெலிந்துகொண்டே போகும். தைராய்டுக்குப் பயன்படுபவை 23 முதல் 27 வரையிலான எண்ணுடையவை, அதாவது இரத்தம் எடுக்கும் ஊசியை ஒத்தவை அல்லது அதைவிட மெல்லியவை. நோயாளி மல்லாந்து படுத்து, தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துக்கொள்ள, மருத்துவர் ஒரு கையில் ஸ்கேன் கருவியைப் பிடித்துத் திரையில் கட்டியைப் பார்த்தபடியே மறுகையால் ஊசியைச் செலுத்துகிறார். உள்ளே ஊசி இருக்கும் அந்தச் சில விநாடிகளில் எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. மற்றபடி மூச்சுவிடத் தடையில்லை. இப்படி இரண்டு முதல் நான்கு முறை குத்த வேண்டியிருக்கும். உறிஞ்சியதைக் கண்ணாடித் தகடுகளில் மெல்லப் பூசி, சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். பட்டினி கிடக்கத் தேவையில்லை, மயக்க மருந்து தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் இரு நாள் கழுத்து கன்றியிருக்கலாம்.

வலியைவிடப் பெரிய தடையாக நம்மிடையே இருப்பது, ‘கட்டியில ஊசி பட்டா பரவிடும்’ என்ற நம்பிக்கை. படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. ஊசி குத்திய சில மாதங்களில் ஒருவர் இறந்தார் என்ற கதை ஒவ்வோர் ஊரிலும் ஒன்று இருக்கிறது, ஊசிக்கு முன்பே அவர் நோய் முற்றியிருந்தது என்ற பகுதி மட்டும் கதையில் விடுபட்டிருக்கும். ஊசி சென்ற பாதையில் புற்றணுக்கள் தங்கி வளர்வது மருத்துவ நூல்களில் பதிவாகியிருப்பது உண்மைதான். ஆனால் ஜப்பானில் ஆயிரக்கணக்கான பாப்பிலரி நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில் அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவிலேயே இருந்தது, அவற்றையும் சிறு அறுவையால் நீக்க முடிந்தது. ஊசிக்கு அஞ்சி நேராக அறுவைக்குப் போவோரின் கணக்கோ வேறு: பெரும்பாலும் தேவையே இல்லாத ஓர் அறுவைக்குக் கழுத்தைக் கொடுக்கிறார்கள்.

முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களைக் குடும்பங்கள் எப்படிக் கடக்கின்றன என்பது மருத்துவ நூல்களில் இல்லாத பகுதி. திருவரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரிக்கெனத் தனிச் சந்நிதி உண்டு. அங்கே ஆரோக்கியசாலை ஒன்று இயங்கி, அழிந்து, மீண்டும் புதுப்பிக்கப்பட்டதை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிப்பதால், வைத்தியமும் வேண்டுதலும் அந்த ஊருக்கு நெடுநாளாகவே அயலானவை அல்ல. முசிறிச் சாலையிலேயே இருக்கும் குணசீலம், மனம் கலங்கியவர்கள் ஒரு மண்டலம் தங்கிச் செல்லும் தலம். அறிக்கைக்குக் காத்திருப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் இறங்கிப் போவதில் குறை காண ஒன்றுமில்லை; குறை காண வேண்டியது, ‘டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ என்று மகனோ மகளோ அறைக்கு வெளியே மருத்துவரை மடக்கிக் கெஞ்சும் வழக்கத்தில். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கழுத்தில் ஊசி குத்தப்பட்டது அவருக்குத்தான், வீட்டில் குரல்கள் தாழ்ந்துபோனதைக் கேட்டுக்கொண்டிருப்பவரும் அவர்தான். திருமணமாகாத பெண்ணுக்குக் கட்டி என்றால் ஒளிப்பு இன்னும் கூடுகிறது, உறவினருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே ஊசியைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே முடியக்கூடிய பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, அச்சத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் வளர்ப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

வரும் முடிவு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று இருக்கும் என எதிர்பார்ப்பவர்கள்தான் மிகவும் ஏமாறுகிறார்கள். உலகெங்கும் இம்முடிவுகள், 2007-இல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் நடந்த கூட்டத்தில் உருவாகி, அந்த ஊரின் பெயராலேயே வழங்கும் ஆறு வகைப் பகுப்பின்படி எழுதப்படுகின்றன. 2023-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு வகையிலும் உண்மையில் புற்றாக இருக்கும் வாய்ப்பையும் தருகிறது. முதல் வகை, போதிய உயிரணுக்கள் கிடைக்கவில்லை என்பது. குறைந்தது பத்து அணுக்கள் கொண்ட ஆறு கூட்டங்களாவது தகட்டில் இருந்தால்தான் மருத்துவர் கருத்துச் சொல்வார், இல்லையெனில் மீண்டும் ஊசி. ‘ரெண்டாவது தடவையும் குத்தச் சொல்றாங்கன்னா ஏதோ இருக்கு’ என்று இதைப் படித்துக்கொள்வது தவறு. இரண்டாம் வகை சாதுவானது, ஊசி போடப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் இதில்தான் அடங்குவர். புற்று வாய்ப்பு நூற்றுக்கு 4. ஆறாம் வகை புற்று, வாய்ப்பு 97. ஐந்தாம் வகை வலுத்த ஐயம், வாய்ப்பு 74. இந்த இரண்டிலும் அடுத்த படி பெரும்பாலும் அறுவைதான் என்பதால், துயரம் இருந்தாலும் குழப்பம் இல்லை.

குழப்பமெல்லாம் நடுவிலிருக்கும் மூன்றாம் நான்காம் வகைகளில். மூன்றாவது, அணுக்களின் தோற்றம் இயல்பிலிருந்து விலகியிருக்கிறது, ஆனால் புற்று என்று சொல்லுமளவுக்கு இல்லை என்பது. வாய்ப்பு ஏறத்தாழ 22. நான்காவது ஃபாலிக்குலர் கட்டி, வாய்ப்பு ஏறத்தாழ 30. இந்த நான்காம் வகையில் ஊசியால் முடிவு சொல்ல முடியாததற்குக் காரணம் மருத்துவரின் திறமைக் குறைவன்று. சாதுவான ஃபாலிக்குலர் கட்டியின் அணுக்களும் அதே வகைப் புற்றின் அணுக்களும் தனித்தனியே பார்க்கும்போது ஒன்றுபோலவே இருக்கும்; கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ இரத்தக் குழாயையோ அணுக்கள் துளைத்து வெளியேறியிருக்கின்றனவா என்பதுதான் இரண்டையும் பிரிப்பது, அதைக் காண உறையோடு கூடிய முழுக் கட்டியும் வேண்டும். ஆகவே கட்டியிருக்கும் மடலை மட்டும் அறுத்தெடுத்து ஆராய்வது இங்கே பரிசோதனையாகவும் சிகிச்சையாகவும் ஒருசேர அமைகிறது. மூன்றாம் வகைக்குச் சில மாத இடைவெளியில் மீண்டும் ஊசி, அல்லது மரபணுப் பரிசோதனை, அல்லது ஸ்கேன் வழிக் கண்காணிப்பு என வழிகள் பல. மரபணுப் பரிசோதனையின் செலவு நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாதது என்பதால், மறுஊசியே நடைமுறைக்கு உகந்தது. 22 விழுக்காடு என்பது அச்சுறுத்தும் எண்ணாகத் தோன்றலாம். நூற்றில் 78 பேருக்குப் புற்று இல்லை என்றும் அதே எண்தான் சொல்கிறது.

புற்று என்றே முடிவானாலும், அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பாப்பிலரி வகையே. மெதுவாக வளர்வது, பெரும்பாலும் கழுத்து நிணநீர் முடிச்சுகளைத் தாண்டிப் போகாதது, பத்தாண்டு கடந்தும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் நலமாக வாழ்வது இவ்வகையின் இயல்பு. பாப்பிலரி, ஃபாலிக்குலர் வகைகளில் நோய்நிலையைப் பிரிக்கும் உலகளாவிய முறையில், 55 வயதுக்குட்பட்டவருக்கு நுரையீரல் வரை பரவியிருந்தாலும் அது இரண்டாம் நிலையைத் தாண்டாது. இப்படி வயதை வைத்தே நிலையைக் குறைத்துக் கணிக்கும் சலுகை மற்ற புற்றுகளுக்கு இல்லை. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி 1993-இல் இன்னும் ஒரு படி மேலே போய், 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பிலரி புற்றை அறுக்காமல் ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும் எடுத்துக் கண்காணிக்கலாம் என்று முன்மொழிந்தார். அவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில் பத்தாண்டு முடிவில் கட்டி வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்கு, நிணநீர் முடிச்சுக்குப் பரவியது 3.8 பேருக்கு; தைராய்டு புற்றால் ஒருவரும் இறக்கவில்லை. இதை முசிறியில் அப்படியே நடைமுறைப்படுத்த முடியுமா என்றால், இப்போதைக்கு ஐயமே. ஒரே மையத்தில், ஒரே தரத்தில், ஆண்டு தவறாமல் ஸ்கேன் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுச் சொல்ல ஆள் இருந்தால்தான் காத்திருத்தல் சிகிச்சையாகும். இல்லையெனில் அது வெறும் கைவிடலே.

அறுவை என்றதும் எழும் அடுத்த அச்சம் குரலைப் பற்றியது. குரல்நாண்களை இயக்கும் நரம்பு தைராய்டின் பின்புறத்தை ஒட்டியே மேலேறுகிறது. மேல்ஸ்தாயியைத் தாங்கும் இன்னொரு மெல்லிய நரம்புக் கிளை சுரப்பியின் மேல்முனைக்கு அருகே செல்கிறது. 1935-இல் கழலை அறுவைக்குப் பின் ஓபரா பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சியின் குரல் கெட்டது இந்தக் கிளை அறுபட்டதால்தான் என்று அறுவை மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிவந்தார்கள். அறுவைதான் காரணம் என்பதைப் பின்னாளில் சிலர் மறுத்துமிருக்கிறார்கள். முசிறி சுப்பிரமணிய ஐயரின் பெயரால் இசையுலகுக்கு அறிமுகமான ஊரில் குரலைப் பற்றிய கவலைக்குக் கூடுதல் மரியாதை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம், ஆயினும் பழகிய கைகளில் நிலையான நரம்புச் சேதம் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள் என்று மருத்துவரைக் கேட்பது அவமதிப்பாகாது. ஒரு மடலை மட்டும் எடுத்தால் போதுமா, முழுச் சுரப்பியும் போக வேண்டுமா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டு, சுரப்பிக்கு வெளியே பரவாத கட்டிக்கு ஒரு மடலே போதுமானதாக இருக்கலாம் என்பதை அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் ஏற்கிறது. முழுச் சுரப்பியையும் இழந்தவர் நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை சாப்பிட்டு, முழு வாழ்வு வாழலாம்.

திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. மருத்துவக் கல்லூரி என்பதால் அறுவைத் துறையும் நோய்க்குறியியல் துறையும் ஒரே இடத்தில் கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தாங்குகிறது. காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை அறுவைத் தேதி குறிக்கும் முன்பே கேட்டறிவது நல்லது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலோ இரண்டாவது கருத்துக் கேட்க விரும்புவோர், தட்டச்சிட்ட அறிக்கையை மட்டும் எடுத்துப் போவதால் பெரும் பயன் இல்லை. ஊசியில் எடுத்த அணுக்கள் பூசப்பட்ட அந்தக் கண்ணாடித் தகடுகளை, ஊரில் ‘ஸ்லைடு’ என்றே சொல்கிறார்கள், பரிசோதனைக் கூடத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேறொரு நோய்க்குறியியல் மருத்துவர் அவற்றைத் தம் கண்ணால் பார்த்தபின், குறிப்பாக மூன்றாம் நான்காம் வகைகளில், முடிவு மாறுவது அரிதன்று. உடையாதபடி பஞ்சு சுற்றி, பெயரும் ஆய்வு எண்ணும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்து, ஸ்கேன் படங்களோடும் டி.எஸ்.எச். முடிவோடும் ஒரே உறையில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். பார்த்து முடித்ததும் தகடுகளைத் திரும்பக் கேட்டு வாங்கி வர வேண்டும்.